மலிங்கரர் என்றொரு வார்த்தை

1

இந்த ஊரில் தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் கதவில் ஒரு துளை இருக்கிறது. அதற்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார். வெள்ளை உறை என்றால் தெரிந்தவர்கள் எழுதியது. பழுப்பு உறை என்றால் அரசாங்கமோ கம்பெனியோ அனுப்பியது. இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பழுப்பு உறை தரையில் விழுகிற சத்தம் கேட்டால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கதவையே பார்க்கிறேன்.

சென்ற மார்கழியில் அப்படி ஒரு உறை வந்தது. என் கணவர் தனராஜ் பேருக்கு. அவர் சாத்தான்குளத்துக்காரர். ஊரில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு இங்கே ஒரு இரும்பு வார்ப்பு ஆலையில் அச்சுப்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அதைப்பற்றி அவரும் ஊருக்கு எழுதுவதில்லை, நானும் எழுதுவதில்லை. ஒருநாள் பெட்டி தூக்கும்போது இடுப்பில் ‘சடக்’கென்று ஏதோ பிடித்துக்கொண்டது. நாலு பேர் தூக்கி வந்து வீட்டில் போட்டார்கள். ஆறு வாரம் படுக்கை. ஆலை வைத்தியர் ஒரு தடவை வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் காலை மடக்கிப் பார்த்தார், குனியச் சொன்னார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அவர் கொடுத்த அறிக்கையின் நகல்தான் அந்த உறையில் இருந்தது. இவர் படுத்தபடியே வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"ஏளா செல்வி, இது என்ன வார்த்தை? கேள்விப்பட்டதே இல்லியே."

விரல் வைத்துக் காட்டினார். பார்த்தேன். மலிங்கரர்.

அந்த வார்த்தையை நான் முன்னால் பார்த்திருக்கிறேன். என் கையாலேயே டைப் அடித்திருக்கிறேன்.

"தெரியலையே" என்றேன். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன்.

2

கல்யாணத்துக்கு முந்தி நான் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். சொந்த ஊர் நாசரேத். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "வாத்தியார் மகளுக்கு இங்கிலீசுக்கு என்ன குறைச்சல்" என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு வார்த்தை தெரியாது என்று ஒப்புக்கொள்வது எனக்கு மானம் போகிற காரியமாக ஆகியிருந்தது.

புதுத் துறைமுகம் அப்போது முடியவில்லை. கரையோரம் கடலுக்கு ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் போகும், தோணியில் வரும். ஒரு மனுஷன் கரைக்கு வருவதென்றாலும் லாஞ்சு என்கிற விசைப்படகு போகவேண்டும். அதற்குக் கேப்டன் உத்தரவு வேண்டும்.

ஒருநாள் காலை, ஆபீஸ் திறந்த சூட்டோடு, வெளியே நின்ற கப்பலின் வெள்ளைக்காரக் கேப்டன் வந்தார். மானேஜர் என்னை நோட்டுப் புத்தகத்தோடு கூப்பிட்டார். எங்கள் ஆபீசுக்கு அவர் தரவேண்டிய உத்தரவுக் கடுதாசியைக் கேப்டன் நடந்துகொண்டே சொன்னார், நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். கப்பலில் சவரிமுத்து என்று ஒரு ஆள். இரண்டு நாளாக வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் என்று வேலைக்கு எழும்ப மறுக்கிறான். அவன் ஒரு மலிங்கரர். கரையிலிருந்து வைத்தியர் யாரையும் அனுப்பவேண்டாம். சாயங்காலம் கப்பல் புறப்படும்.

சொல்லிவிட்டு மானேஜரைப் பார்த்துச் சிரித்தார். "அவனுக்கு வீடு இந்தப் பக்கம்தான். கரை கண்ணில் பட்டதும் வலி வந்துவிட்டது."

என் இடத்துக்கு வந்து டைப் அடிக்க உட்கார்ந்தேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் புரியவில்லை. உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானே பிரித்துப் பார்த்தேன். நடுவில் ‘லிங்கர்’ என்று இருக்கிறது. லிங்கர் என்றால் சுணங்குவது, தாமதம் பண்ணுவது. ஆக இவன் எதிலும் தாமதம் பண்ணுகிற ஆள், வைத்தியர் போகவேண்டாம் என்றால் கொஞ்சம் தாமதமாக அவனையே கரைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான் என்று முடிவு பண்ணி அடித்து முடித்தேன்.

காகிதத்தை மிஷினிலிருந்து உருவக்கூட இல்லை. முன்பக்கக் கவுண்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"தங்கச்சி, மணப்பாட்டுல இருந்து வாரேன். என் பேரு செபஸ்தியம்மா. எங்க வீட்டுக்காரரு சவரிமுத்து அந்தக் கப்பல்ல இருக்காரு. கப்பல் இங்கன வருதுன்னு காயிதம் போட்டிருந்தாரு. தோணிக்காரங்க சொல்லுதாங்க, அவருக்கு வயித்துவலி தாங்கமுடியலையாம். எப்ப கரைக்குக் கொண்டாருவாங்க?"

மானேஜர் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆபீஸ் விஷயம் வெளியில் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. படித்தவள் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கடுதாசி இப்பதான் எழுதியிருக்கு அக்கா. கொஞ்சம் தாமதமாகும்னு போட்டிருக்கு."

"தாமதம்னா? இன்னைக்கு வந்துருவாரா?"

"வந்துருவாரு. சாயங்காலத்துக்குள்ள."

கடைசியில் சொன்னது எந்தக் கடுதாசியிலும் கிடையாது. நானாகச் சேர்த்தது. அவள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, "மாதாவே" என்றாள். "அப்ப நான் தோணி வந்து அணையுற பாலத்துல போயி இருக்கேன். இறங்கும்போது நான் நிக்கணும்லா."

3

மத்தியானம் மானேஜர் சாப்பிடப் போனார். அவர் மேசையில் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி கிடக்கும். அந்த வார்த்தை காலையிலிருந்து பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் புரட்டினேன்.

வேலையிலிருந்து தப்பிக்க நோய் இருப்பதுபோல் நடிப்பவன்.

லிங்கருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று தரம் படித்தேன். கடுதாசி முழுக்க வேறு கடுதாசியாக ஆகிவிட்டது. கேப்டன் ஏன் சிரித்தார் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. அந்த ஆளைக் கரைக்கே விடப்போவதில்லை. அவன் பெண்டாட்டி பாலத்தில் உட்கார்ந்திருக்கிறாள். போய் இருக்கச் சொன்னவள் நான்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே ஓடவில்லை. அகராதியை மூடி வைத்துவிட்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு எண்ணம் வந்தது. கேப்டன் சொல்வது நிஜமாகவும் இருக்கலாமே. அப்பாவின் சம்பளத்தோடு என் சம்பளமும் சேர்ந்துதான் வீடு நடந்தது. அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு சுருக்கெழுத்து நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். பாதியில் ஓட்டமாகிவிட்டது.

பாலத்தில் உப்பு மூட்டை அடுக்கின் நிழலில் செபஸ்தி அக்கா இருந்தாள். முகம் கழுவி, தலை சீவி, சேலை மாற்றியிருந்தாள்.

"அக்கா, அவரை இறக்கமாட்டாங்களாம். நோவுன்னு நடிக்கிறார்னு கேப்டன் எழுதியிருக்காரு. சாயங்காலம் கப்பல் போகுது."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "நடிக்காரா? யாரு, அவரா? சங்கு குளிக்கப் போற காலத்துல காதுல ரத்தம் வந்தாக்கூட வீட்டுல மூச்சுவிடமாட்டாரு. தலகாணியில கறையைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும்." பிறகு என் முகத்தையே பார்த்தாள். "காலைல வேற மாதிரில்லா சொன்ன?"

"இப்பதான் தெரிஞ்சது" என்றேன்.

இரண்டாவதாக ஏதோ கடுதாசி வந்திருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

துறைமுகச் சுகாதார வைத்தியரின் ஆபீஸ் பக்கத்திலேயே இருந்தது. நான் உள்ளே போனபோது அவர் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு அனுப்பினது உன்னை?"

"எங்க ஆபீஸ்ல இருந்து சார்." அது அன்றைக்கு நான் சொன்ன இன்னொரு பொய்.

"ஏஜெண்டோ கேப்டனோ எழுதித் தராம நான் எப்படிம்மா கப்பலுக்குப் போறது?"

நோட்டைத் திறந்து சுருக்கெழுத்தை அப்படியே வாசித்தேன். இரண்டு நாள் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல். மலிங்கரர் என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். வைத்தியர் துண்டால் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"காய்ச்சலும் வாந்தியும்னு கேப்டன் வாயாலயே சொன்னாரா?"

"ஆமா சார்."

"அப்ப நான் போயே ஆகணும். தொத்து வியாதியா இருந்தா ஊருக்கே ஆபத்து. லாஞ்சைக் கூப்பிடச் சொல்லு."

லாஞ்சு போய்த் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் அக்கா உட்காரவில்லை. லாஞ்சு திரும்பி வருகிறபோது தார்ப்பாய் விரிப்பில் ஒரு ஆள் முழங்காலை மடக்கிப் படுத்திருப்பது தெரிந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அக்காவைப் பார்த்ததும் அந்த மனுஷர் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை.

"ஒண்ணுமில்ல, ஏளா" என்றார். "ஒண்ணுமில்ல, அழாத."

அவர் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

4

குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சாயங்காலமே கீறினார்கள். வெளியே வந்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "காலையிலயே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நான் அங்கே நின்றேன்.

மூன்றாம் நாள் சவரிமுத்து இறந்துபோனார்.

மணப்பாட்டுக்குக் கொண்டுபோக வேன் வந்து நின்றது. செபஸ்தி அக்கா ஏறப்போனவள் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஓடிவரலேன்னா கடல்லயே கட்டிப் போட்டிருப்பாங்க தங்கச்சி. எங்க மண்ணுல, எங்க கோயில் நிழல்ல வைக்கப்போறேன்னா அது உன்னாலதான். உன்னை மறக்கமாட்டேன்."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். காலையில் எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது அக்கா. தெரியாது என்று சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், சண்டை போட்டிருப்பாய், நாலு பேரைக் கூட்டியிருப்பாய். நான் சொன்னதை நம்பி அரை நாள் பாலத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பதில் அவளுடைய துணிப்பையை எடுத்து வேனில் வைத்தேன்.

ஆபீசில் மானேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆபீஸ் நோட்டை வெளியில கொண்டுபோய் வாசிக்க உனக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தது?" நானே ராஜினாமா எழுதிக்கொடுத்தேன். சில மாதத்தில் கல்யாணம். பிறகு விமானம். ஊரைவிட்டுப் போகிற வருத்தத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து தூரமாகப் போகிறோம் என்று எனக்குள் இருந்த நிம்மதியை யாரிடம் சொல்வது?

5

பழுப்பு உறை வந்த அன்றைக்கே மத்தியானம் கஞ்சி கொண்டுபோய் வைத்தபோது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. சவரிமுத்து செத்ததைக் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், "அப்ப என்னையும் நடிக்கான்னுதான் எழுதியிருக்கானா?" என்றார்.

அதன்பிறகு அவர் நடமாட்டமே மாறிவிட்டது. வெயில் அடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்முற்றம் வரை போய் நிற்பார்; அதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டார் பார்த்து, ‘அந்த ஆள் நடக்கிறான்’ என்று எழுதிப்போட்டால்? ஜன்னல் திரையை விலக்கவிடமாட்டார். தெருவில் கார் வந்து நின்றால் உடனே படுத்துக்கொள்வார். வலி நிஜம். ஆனால் அந்த வார்த்தை வந்த நாளிலிருந்து நிஜமாக வலிப்பவன் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்து யோசித்து இருக்க ஆரம்பித்தார். வலிக்கிறது என்று முனகவும் பயம், முனகாமல் இருக்கவும் பயம். வேலைக்குப் போகமுடியாத நாளுக்குக் கிடைக்கிற உதவிப்பணம் நின்றுபோகும், வேலை போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துப் பயந்தோம்.

எங்கள் மகள் ஜாஸ்மினுக்கு நாலு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். என் உச்சரிப்பைத் திருத்துவாள். ஒருநாள் பால் குடித்துக்கொண்டே, அவளுடைய அந்தச் சுத்தமான இங்கிலீஷில், "அம்மா, அப்பாவுக்கு நிஜமாவே வலிக்குதா, சும்மாவா?" என்று கேட்டாள். நாங்கள் பேசியதில் எதைக் கேட்டாளோ. அறைக் கதவு திறந்திருந்தது. இவர் காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ஊர் நூலகத்துக்குப் போனேன். அங்கே அகராதியே பல பாகமாக இருக்கிறது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பாகத்தை எடுத்துக் கொடுத்து, பக்கத்தையும் காட்டினாள். பட்டாளத்திலும் கப்பலிலும் புழங்கிய வார்த்தையாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நினைத்தபோது வேலையை விட்டுவிட்டு எழுந்து போகமுடியாதவனைப் பற்றித்தான் அப்படிச் சொல்லமுடியும். எந்த முதலாளியையும் யாரும் மலிங்கரர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மூலம் பிரெஞ்சு என்று போட்டிருந்தது. அந்த மூலச் சொல்லுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? நோஞ்சான். சீக்காளி. உண்மையாகவே உடம்புக்கு முடியாதவன். அது எந்த இடத்தில் எப்படித் தலைகீழாயிற்று என்று அகராதிக்கும் நிச்சயமில்லை. நம் பக்கத்தில் ‘வயித்துவலின்னு நடிக்கான்’ என்போம். அது அன்றைக்கு அவன் செய்கிற காரியத்தைச் சொல்கிறது. நாளைக்கு அவன் நடிக்காமலும் இருக்கலாம். இவர்கள் வார்த்தையில் ஆளே அதுவாகிவிடுகிறான்.

அந்த அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு போட்டிருந்தோம்; அதன் விசாரணைக்கு இவரை டாக்சியில் கூட்டிப்போனேன். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். குனியச் சொன்னார்கள், இவர் பாதியில் நின்றுவிட்டார். ஒருவர் எதையோ எழுதினார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். இங்கிலீஷ் இலக்கணமெல்லாம் போய்விட்டது, அவருக்குப் போடவேண்டிய வினையைப் பன்மையில் போட்டேன், பிறகு ஒருமையில் போட்டேன். ஆனால் கேட்டுவிட்டேன். "இந்த வார்த்தையை எழுதினவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டா எழுதினார்? இதற்கு நிஜமாகவே நோயாளி என்றுகூட ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது, உங்கள் நூலகத்திலேயே இருக்கிறது."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதுகுத்தண்டில் மருந்து செலுத்திப் படம் எடுக்க உத்தரவாயிற்று. முதுகெலும்பின் கீழ்ப்பக்கம் இரண்டு எலும்புகளுக்கு இடையிலிருந்த மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று பெரிய ஆஸ்பத்திரி வைத்தியர் எழுதினார். ஆலை அறிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டது. இப்போது இவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை. முன்போல ஜாஸ்மினைத் தூக்கமுடியாது; அவளே கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.

6

அதற்குப் பிறகுதான் எனக்கு மணப்பாட்டுக்கு எழுதத் துணிவு வந்தது. கோயில் விலாசம் போட்டு, செபஸ்தியம்மாள் பேருக்கு எழுதினேன். அன்று காலை நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். தாமதம் என்று சொன்னதையும், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார் என்று நானாகச் சேர்த்ததையும், பாலத்தில் மறைத்ததையும். தபால் பெட்டியில் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்கமுடியுமா என்று பார்த்தேன். அதற்கப்புறம் வெள்ளை உறைக்கும் பயந்தேன்.

எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. வேறு யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்து; பேச்சு அவளுடையது.

"தங்கச்சிக்கு, நீ எழுதினதை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உன் மேல கோவம் வரலைன்னு சொன்னா அது பொய். ரெண்டு நாள் உன்னை ஏசினேன். பொறவு உன்னை ஏசி எனக்கு என்ன ஆகப்போவுது. நீ ஒரு காரியம் செய்யணும். அவரு பெட்டியைக் கம்பெனிக்காரன் அனுப்பினப்ப உள்ள அவரு வேலைப் புஸ்தகம் இருந்துது. அதுல கடைசியா என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்குன்னு கோயில் சாமியாரு வாசிச்சாரு. நீ சொல்லுத அதே வார்த்தைதான். செத்துக் காட்டுன பொறவுமா அந்த மனுஷன் நடிச்சாருன்னு எழுதி வச்சிருக்கான்? நீ அந்த ஊர்லதான இருக்க. அதை மாத்தச் சொல்லு."

அந்தக் கப்பல் கம்பெனியின் தலைமை ஆபீஸ் லண்டனில்தான். இவரிடம் காட்டினேன். "இப்பதான் நம்ம பாடு ஒருவழியா முடிஞ்சிருக்கு. நமக்கு இது தேவையா?" என்றார். பயந்துதான் சொன்னார். நானும் பயந்துதான் நின்றேன். சற்று நேரத்தில் அவரே, "சரி, எழுது. என் பேரையும் சேத்துப் போடு" என்றார்.

சவரிமுத்துவின் பேர், கப்பலின் பேர், அவர் இறந்த ஆஸ்பத்திரி, என்ன நோய், அந்தக் கடுதாசியை டைப் அடித்தவள் நான்தான் என்பது வரை எல்லாம் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாம் தடவை எழுதும்போது, இறப்புச் சான்றிதழின் நகலை மணப்பாட்டிலிருந்து வரவழைத்து இணைத்தேன். போன வாரம் பழுப்பு உறை ஒன்று விழுந்தது. பிரிக்க எனக்குக் கை வரவில்லை, இவர்தான் பிரித்தார்.

இரண்டே வரி. வருத்தம் என்று ஒரு சொல்கூட இல்லை. குறிப்பிட்ட ஆளின் பதிவேட்டில் கடைசியாக இருந்த குறிப்பு அடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் ‘நோயினால் இறந்தார்’ என்று எழுதப்பட்டுள்ளது.

அன்றைக்கே அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து இங்கிலீஷையும் தமிழையும் இவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துச் சரிபார்க்கச் சொன்னேன். நான் எதையாவது கூட்டியிருக்கிறேனா, குறைத்திருக்கிறேனா என்று கேட்டேன். அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"நோயினால்னு போட்டிருக்கான்" என்றார். "நீயும் நோயினால்னுதான் எழுதியிருக்க. சரியா இருக்கு."

உறையை ஒட்டி, மணப்பாட்டு விலாசத்தை எழுதினேன்.